குருவிச்சை இல்லை அம்மா, ஓர்கிட்

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு 101 பஸ்ஸில் ஒரு பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் எத்தனை பேர் விசாரிப்பார்கள் என்று போன மார்ச் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பூ இருந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாருக்கோ பரிசு கொண்டுபோகிறான் என்று விட்டிருப்பார்கள். என் மடியில் இருந்ததோ தொங்கிப்போன நாலு இலையும் ஒரு காய்ந்த குச்சியும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பக்கத்து சீட் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "தம்பி, இது என்ன, மருந்துக்கா?"

"இல்லையம்மா, ஓர்கிட்."

கன்றை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பம்பலப்பிட்டியில் அவர் இறங்கும்வரை வேறு கதை இல்லை.

எங்கள் ஒபிஸுக்கு வந்தபோது அது ராணி மாதிரித்தான் வந்தது. முந்தின வருடம் ஜனவரியில் யாரோ வாடிக்கையாளர் அனுப்பியது. வெள்ளைப் பீங்கான் சாடி, தங்க நிற ரிபன், வளைந்த ஒரே தண்டில் ஒன்பது வெள்ளைப் பூ. வரவேற்பு மேசையில் வைத்தார்கள். இரண்டரை மாதம் ஒரு பூக்கூட உதிரவில்லை. பிளாஸ்டிக்கோ என்று சந்தேகப்பட்டு நகத்தால் கிள்ளிப் பார்த்தவர்கள் உண்டு. அந்த நகக்குறி கடைசிவரை ஒரு இதழில் கிடந்தது. சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்து வந்தபோது பூவெல்லாம் மேசையில் கொட்டுண்டு கிடந்தது.

அன்றிலிருந்து, தண்டனை இடமாற்றம் கிடைத்த உத்தியோகத்தர் போல, இடம் மாறி மாறிக் கீழே இறங்கியது கன்று. வரவேற்பு மேசையிலிருந்து கூட்ட அறை மூலைக்கு. அங்கிருந்து தேநீர் அறை பிரிட்ஜுக்கு மேலே. கடைசியில் பழைய ஃபைல் அடுக்கும் அறைக்கு. போகிற வருகிறவர்கள் எல்லாரும், கன்றுக்கு நல்லது செய்கிறோம் என்று, கிளாஸில் மிஞ்சிய தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒருநாள் மிச்சப் பிளேன்டீயும் ஊற்றப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். சீனி போட்ட பிளேன்டீ.

பிரிட்ஜுக்கு மேலே, ஏசிக்கு நேர் கீழே இருந்த காலத்தில் அது இன்னொரு பூந்தண்டு விட்டது. விரல் நீளம், பட்டாணிப் பச்சை. நான் பார்த்துவிட்டு, சரி பூக்கப்போகிறது என்று இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை அதை யாரோ 'காய்ந்த குச்சி' என்று நினைத்து வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். அந்தத் தண்டுக்காக நான் ஏன் இன்னும் மனம் வருந்துகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு கணக்காய்வு வருகிறது என்று ஃபைல் அறையைத் துப்புரவு செய்தார்கள். கறுப்புக் குப்பைப் பைக்குள் பாதி போனதை நான் வெளியே எடுத்தேன். அவ்வளவுதான் மீட்புக் கதை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உதுக்கு உயிர் கிடக்கோ?"

"கிடக்கும்."

"பூ?"

"இப்ப இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

இது மண்ணில் வளர்கிறது இல்லை, காட்டில் மரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது என்று நான் விளக்கத் தொடங்க, அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. "மரத்திலை ஒட்டி வளர்றது குருவிச்சை. எங்கடை வீட்டு மாமரத்தைச் சாகடிச்சது குருவிச்சைதான். அதைக் காசு குடுத்து வளர்க்கினமோ?"

காசு கொடுக்கவில்லை, குப்பையிலிருந்து எடுத்தேன் என்று சொன்னால் இன்னும் மோசமாகும் என்று அதை விட்டுவிட்டேன். ஆனால் குருவிச்சை விஷயத்தில் ஓர்கிட்டுக்காக வாதாடத்தான் வேண்டும். குருவிச்சை மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாறை உறிஞ்சும். ஓர்கிட் மரத்தில் குந்தியிருக்கும், அவ்வளவுதான். மழைத் தண்ணீர், பட்டையில் வடிந்து வரும் ஊட்டம், உக்கிப்போன இலை, காற்றில் இருக்கிற ஈரம், இதுதான் அதன் சாப்பாடு. வாடகை கொடுக்காத குடியிருப்பாளர் என்று வேண்டுமானால் சொல்லலாம், களவெடுக்கிறவர் என்று சொல்ல முடியாது. அம்மா இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பெல்கனிக்குப் போ என்று கன்றையும் என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

பழைய வீரகேசரிப் பேப்பரை விரித்து, பீங்கான் சாடியிலிருந்து உள்ளே இருந்த பிளாஸ்டிக் கோப்பையைத் தூக்கினேன். சாடியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர். நிறம் பிளேன்டீ நிறம். அதற்குள் நுளம்புக் குடம்பி துள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஒரு பள்ளிக்கூடமே. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கண்டிருந்தால் வழக்குத்தான். கொழும்பில் டெங்கு வந்தால் எல்லாரும் டயரையும் சிரட்டையையும் தேடுகிறார்கள். ஏசி ஒபிஸுக்குள் பீங்கான் சாடிக்குள் யார் பார்க்கிறார்கள்? கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அடியில் ஓட்டை இல்லாத இந்த அழகுச் சாடிகளை ஓர்கிட்டோடு சேர்த்து விற்கிறவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து தீராத கோபம்.

பிளாஸ்டிக் கோப்பைக்குள் பாசி. ஸ்பாக்னம் என்கிற பாசியை இறுக்கி அடைத்து அதில் நட்டு ஏற்றுமதி செய்வார்கள். வளர்க்கும் பண்ணையில், குளிரும் காற்றும் தண்ணீரும் கணக்காக இருக்கும் இடத்தில், அது நல்ல ஏற்பாடு. ஆளாளுக்குக் கிளாஸ் கவிழ்க்கிற இடத்தில் அது ஊறின பஞ்சு. மேலே தொட்டால் காய்ந்து கிரிக்கெட் பந்து போல இருந்தது. அதனால்தான் எல்லாரும் 'ஐயோ, காய்ந்துவிட்டது' என்று ஊற்றினார்கள். உள்ளே விரல் விட்டால் பிழியலாம். பாசியை நுள்ளி நுள்ளி எடுத்துக்கொண்டு போனபோது நடுவில் இன்னொரு குட்டிப் பாசி உருண்டை வந்தது. கன்று குழந்தையாக இருந்தபோது அதை வைத்து வளர்த்த முதல் உருண்டை. அதைக் கழற்றாமல் அப்படியே பெரிய கோப்பைக்கு மாற்றியிருக்கிறார்கள். அழுகல் தொடங்கியது அங்கேதான். ஊறின சாக்கு நாற்றம்.

வேரை எப்படிச் சோதிக்கிறது என்றால், விரலால் மெல்ல அமத்திப் பார்க்க வேண்டும். உயிருள்ள வேர் முருங்கைப் பிஞ்சு போல விறைப்பாக நிற்கும். செத்த வேர் உங்கள் விரலுக்குள் சப்பளியும். இழுத்தால் மேல்தோல் சொக்ஸ் கழற்றினது போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். பதினாலு வேர் எண்ணினேன். ஒன்பது அப்படிக் கழன்றன. மிஞ்சிய ஐந்தில் இரண்டு, பாசிக்குள் போகாமல் கோப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றவை. ஊற்றப்பட்ட தண்ணீர் எதுவும் படாத அந்த இரண்டும்தான் கன்றை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கின்றன. இலை தொங்கினதும் தண்ணீர் இல்லாமல்தான். ஆனால் கோப்பை நிறையத் தண்ணீர். குடிக்க வாய் இல்லை, அவ்வளவுதான்.

கத்தரிக்கோலை காஸ் அடுப்பில் காட்டிச் சுட்டு, ஆறவிட்டு வெட்டினேன். இதைச் சோம்பலில் விடாதீர்கள். ஒரு கன்றிலிருந்து இன்னொன்றுக்கு வைரஸ் போகிற முக்கியமான வழி இந்தக் கத்தரிக்கோல்தான். வெட்டின வாயில் மட்டும் கறுவாத்தூள் தொட்டு வைத்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் காயும். நல்ல வேரில் கறுவா படக்கூடாது, அதையும் காயவைத்துவிடும். இலையின் அடியில் மடிப்புகளில் வெள்ளையாய்ப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒளிந்திருந்தது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன், ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை.

இதெல்லாம் நான் புத்தகம் படித்த புத்திசாலி என்று சொல்லவில்லை. எட்டு வருடத்துக்கு முன் டென்ட்ரோபியம் என்கிற ஓர்கிட் வகையில் ஊதா நிறக் கன்று ஒன்றை வாங்கி வந்து, மண்ணே இல்லாமல் கரியில் நட்டிருக்கிறார்களே பாவம் என்று இரக்கப்பட்டு, நல்ல செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டவன் நான். மூன்று கிழமையில் கன்று அடியோடு சாய்ந்தது. அதன் சாவுக்கு வேறு யாரும் காரணம் இல்லை.

நான் செம்மண்ணில் கொன்ற அந்த டென்ட்ரோபியத்தின் கதையை அறிந்தவர் நாலாம் மாடி ஆன்ட்டி. அவருடைய பெல்கனிக் கம்பியில் தேங்காய் மட்டைகளில் கட்டின டென்ட்ரோபியம் வரிசையாகத் தொங்கும். அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறைச் சிங்களம், இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு மொழி. கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூ பார்க்க வேணாம் புதே, வேர் பார்" என்றார். புதே என்றால் மகனே. சின்ன வயதில் இரத்தினபுரிப் பக்கம் ஊரில் காட்டிலிருந்து 'வெசாக் மல' கொண்டு வருவார்களாம். மே மாதம் வெசாக் பண்டிகையையொட்டிப் பூக்கிற இளஞ்சிவப்பு ஓர்கிட் அது. இலங்கைக் காட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. வீட்டுக்கு வீடு பிடுங்கிக் கொண்டுவந்தே அருகிப்போனது. "நாங்களும் பிடுங்கினோம்" என்று ஆன்ட்டி சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நடுகிற சாமான் ஒன்றுக்கும் நான் காசு செலவழிக்கவில்லை, சட்டியைத் தவிர. பக்கத்து ஒழுங்கையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள். (வெள்ளவத்தையில் இனி இடிக்க எத்தனை ஓட்டு வீடு மிச்சம் என்று யாராவது எண்ணலாம்.) அங்கே காவலாளியிடம் கேட்டு இரண்டு கூரை ஓடுகளை எடுத்துவந்து உடைத்தேன். சிரட்டைக்கரி லோண்டரிக்காரரிடம் வாங்கினேன். இன்னும் கரிப்பெட்டியில் அயன் பண்ணுகிற மனிதர், ஒரு ஷொப்பிங் பை நிறையத் தந்துவிட்டு, காசு வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைத் தேங்காயின் பொச்சை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி மூன்று நாள் ஊறவைத்தேன், ஒவ்வொரு நாளும் தண்ணீர் மாற்றி. முதல் நாள் தண்ணீர் கடுங்கோப்பி நிறம். அந்தச் சாயமும் உப்பும் போகாமல் நட்டால் வேர் நுனி கருகும். சட்டி, பக்கத்தில் நீள ஓட்டை வெட்டின மண்சட்டி. ஐந்து அங்குலம்தான். பெரிய சட்டி வாங்கு, வளர்கிற பிள்ளை என்று அம்மா பெல்கனிக் கதவருகில் நின்று ஆலோசனை சொன்னார். பெரிய சட்டியில் நடுப்பகுதி காயாது, மறுபடியும் அதே அழுகல்தான்.

அடியில் ஓடு, அதற்கு மேலே கரியும் பொச்சும் கலந்து. நடும்போது இலையும் வேரும் சந்திக்கிற கழுத்துப் பகுதி புதையக்கூடாது. ஐந்து வேரால் கன்று தானாக நிற்குமா? ஆடியது. ஆடினால் புது வேர் நுனி உராய்ந்து செத்துப்போகும் என்பதால் மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றி, அம்மாவின் பழைய நூல்சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். வெட்டுக்காயம் ஆறுவதற்கு நாலு நாள் தண்ணீரே இல்லை. அந்த நாலு நாளும், நான் ஒபிஸ் போன பிறகு ஊற்றிவிடாமல் அம்மாவைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

ஐந்தாம் நாள் ஊற்றும்போது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காய்ந்த ஓர்கிட் வேர் வெள்ளி நிறம். பஞ்சு போல ஒரு போர்வை அதைச் சுற்றியிருக்கிறது, செத்த கலங்களால் ஆனது, ஈரத்தை உறிஞ்சிப் பிடிப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் பட்டதும் அந்த வெள்ளி மங்கி, கண்ணுக்கு முன்னாலேயே, பாக்குப் பிஞ்சின் பச்சை உள்ளிருந்து எழும்பி வருகிறது. வெயில் பட்டால் வேரும் இலை மாதிரி உணவு தயாரிக்கும். நாலைந்து செக்கனில் வேர் முழுக்க நிறம் மாறியதும் அம்மா, "இன்னொருக்கா ஊத்து பாப்பம்" என்றார். ஊற்றவில்லை. மறுபடி வெள்ளியாகும்போது ஊற்ற வேண்டும், அதுதான் கணக்கு என்றேன். அன்றைக்குப் பிறகு குருவிச்சை என்ற சொல் வரவில்லை.

ஏப்ரல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அடி இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தது. மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்று பிடித்ததும் எங்கள் பெல்கனியில் எதையும் வைக்க முடியாது. மழை நேராக விழாது, கடலிலிருந்து சாய்ந்து உப்போடு அடிக்கும். அதனால் கன்று குசினி யன்னலுக்கு வந்தது. கிழக்குப் பக்கம், எட்டரை வரை காலை வெயில், பிறகு நிழல். சோறு வடிக்கிற ஆவி வேறு. அங்கே வந்து இரண்டாம் வாரம் கழுத்துக்குக் கீழே கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. அம்மாதான் முதலில் கண்டார், எனக்கு ஒபிஸுக்குப் போன் எடுத்தார். கூட்டத்தில் இருந்தேன். அவசரம் என்று நினைத்து வெளியே வந்து எடுத்தால், "தம்பி, வேர் விடுது."

வேர் விட்ட பிறகுதான் உரம். அல்பேர்ட் மிக்ஸ்சரை பைக்கற்றில் போட்ட அளவில் காற்பங்கு கரைத்து வாரத்துக்கு ஒருமுறை. அரிசி கழுவின தண்ணீருக்காக அம்மாவோடு ஒரு சின்னப் போர் நடந்தது. கறிவேப்பிலைக்கு அது அமிர்தம்தான், ஆனால் பொச்சுக்குள் புளித்துச் சின்ன ஈ மொய்த்தது. ஈயைக் கண்டதும் அம்மா தானாகவே நிறுத்திக்கொண்டார். ஜூலையில் புது இலை வந்தது, பழைய மூன்றையும் விட அகலமாக. இப்போது உயிருள்ள வேர் பதினொன்று.

இனி அந்த வெட்டுண்ட பூந்தண்டு. இந்த வகைக்கு ஃபலனொப்சிஸ் என்று பெயர், 1825இல் ப்ளூமே என்ற தாவரவியலாளர் வைத்தது, கிரேக்கத்தில் அந்துப்பூச்சி போன்றது என்று பொருள். அது பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களாவது 25 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். 28க்கு மேலேயே வைத்திருந்தால் இலையும் வேரும் மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பண்ணைக்காரர்கள் நேரத்துக்கு முன் பூத்துவிடாமல் இருக்க வேண்டுமென்றே அந்தச் சூட்டில் வைத்து வளர்ப்பார்கள், பிறகு விற்பனைக் காலம் பார்த்துக் குளிர்காட்டுவார்கள். அதாவது கொழும்பு இந்தக் கன்றுக்கு ஒரு நிரந்தரப் பாலர் வகுப்பு. அழுகின வேர் இவ்வளவு கெதியாக மீண்டதற்கு நம்முடைய சூடும் புழுக்கமும்தான் காரணம். பூ வராமல் இருக்கப் போவதற்கும் அதே சூடுதான் காரணம். கண்டிப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்கள் 'எங்கடை வருசா வருசம் பூக்குது' என்று சொன்னால் அவர்களுடைய கை ராசி என்று நினைத்து மனம் உடையாதீர்கள், அது மலை ராசி.

ஒபிஸ் பிரிட்ஜுக்கு மேலே, ஏசிக்குக் கீழே, அது அந்த ஒரு தண்டை விட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? எல்லாரும் சேர்ந்து வேரை அழுகவைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் குளிர் மட்டும் சரியாக இருந்தது. விரல் நீளத் தண்டு. சரி, விடுவோம்.

என் திட்டம் இப்படி இருந்தது. டிசம்பர், ஜனவரியில் கொழும்பிலும் இரவுகளில் 22 பாகை வரை இறங்கும். அந்த இரண்டு மாதமும் இரவில் பெல்கனியில் வைத்துப் பார்க்கலாம். ஏசி போட்டுப் பூக்கவைக்க மின்சாரக் கட்டணம் விடாது. ஆனால் ஆகஸ்டில் ஒரு வேர் சட்டி ஓட்டையால் வெளியே வந்து, யன்னல் கிறில் கம்பியைத் தொட்டு, அதில் அப்படியே ஒட்டிவிட்டது. பசை வைத்தது போலத் தட்டையாகப் பரவிப் பிடித்திருக்கிறது. சட்டியைத் தூக்கினால் வேர் முறியும். ஆக டிசம்பருக்கும் கன்று குசினியில்தான்.

போன கிழமை கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. குசினிக் கிறிலை உரஞ்சத் தொடங்கிய பெடியனை அம்மா நிறுத்தி, அந்த இரண்டு கம்பியையும் தொடக்கூடாது என்றார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். வீட்டுக்காரர் அம்மாவோடு கதைக்க வேண்டும் என்றார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் ஒபிஸில். மாலை வந்து பார்த்தால் கிறில் முழுக்கப் புது வெள்ளை, வேர் பிடித்த இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய துருக் கறுப்பு. பெயின்ட் மணம் கன்றுக்கு ஆகாது என்று அம்மா அதன் மேல் ஒரு வெங்காயக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்.